அது செம்பருத்தி அல்ல, பூவரசு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கோடை விடுமுறையைப் பயனுள்ளதாகக் கழிப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். அபாகஸ், கோடிங், கையெழுத்துப் பயிற்சி என்று வரிசையாக அடுக்கிவிட்டு, 'பிள்ளைகள் வெயிலிலும் புழுதியிலும் அலைந்து நேரத்தை வீணாக்காமல் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று முடித்திருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். நல்ல மனசு. அதே இணைப்பின் கடைசிப் பக்கத்தில் முழுப்பக்க விளம்பரம்: மலையில் ஒரு ரிசார்ட்டில் சிறுவர் இயற்கை முகாம், மண் விளையாட்டு உண்டு, மரம் ஏறலாம், தலைக்கு இத்தனை ஆயிரம். ஆக, தெருப்புழுதி என்றால் வீண். பணம் கட்டினால் அதுவே இயற்கை. புரிந்துகொண்டேன்.

உச்சி வெயிலில் பிள்ளைகளை விரட்டிவிடச் சொல்லவில்லை. காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் நம் ஊரில் பொழுது என்று ஒன்று இருக்கத்தானே செய்கிறது?

என் பேத்திக்கு இரண்டாம் வகுப்பிலேயே கண்ணாடி. செல்போனைத்தான் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனால், கண் டாக்டர் பவரை எழுதிக் கொடுத்துவிட்டு, "தினம் ரெண்டு மணி நேரமாவது பகல் வெளிச்சத்துல வெளியே விடுங்கம்மா, இனிமே ஏறாம இருக்கும்னு பார்க்கலாம்" என்றார். உங்களுக்குத் தெரியாததல்ல. சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டு மூன்றாண்டு கவனித்தார்கள். 2015இல் முடிவு வெளியானது. வெளியே போனவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. வழக்கம்போல் உள்ளே இருந்தவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம். தைவானில் 2010 முதல் தினம் 120 நிமிடம் வெளியே என்று பள்ளிகளில் திட்டமே போட்டுவிட்டார்கள். மர நிழலில் நின்றால்கூட வகுப்பறை டியூப்லைட்டைவிடப் பல மடங்கு வெளிச்சம். அது விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கவைத்து, கிட்டப்பார்வை வரும்படி விழி அளவுக்கு மீறி நீளாமல் காக்கிறது என்கிறார்கள். உங்கள் மருத்துவப் பக்கத்திலேயே இதெல்லாம் வந்திருக்கும். கட்டுரையாளர் அந்தப் பக்கம் புரட்டுவதில்லை போலிருக்கிறது.

டாக்டர் சொன்னதை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். பி.டி. பீரியட் வாரத்துக்கு இரண்டு. அதில் ஒன்றைக் கணக்கு மிஸ் வாங்கிக்கொள்கிறார். மைதானம் வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். இருக்கிறது. பஸ்கள் நிற்கின்றன. ஓரமாக நின்ற இரண்டு பூவரசையும் 'இலை கொட்டுது' என்று வெட்டிவிட்டு, சுவருக்குச் சுவர் பேவர் பிளாக் பதித்திருக்கிறார்கள். விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடுமாம், ஆகவே அதில் யாரும் ஓடக் கூடாதாம்.

பின்லாந்தில் இதற்கு நேர்மாறாக, காட்டு மண்ணையும் புல்லையும் கொண்டுவந்து மழலையர் காப்பகங்களின் முற்றத்தில் பரப்பினார்கள். 28 நாளில் பிள்ளைகளின் தோலில் வாழும் நுண்ணுயிர் வகைகள் கூடின. நோய் எதிர்ப்பாற்றல் சீராவதற்கான அறிகுறிகளும் இரத்தத்தில் தெரிந்தன. 2020இல் வந்த ஆய்வு. மண்ணில் புழு இருக்கிறதே என்று உடனே யாராவது கடிதம் போடுவார்கள். இருக்கிறது. அதற்குத்தான் சோப்பு, காலுக்குச் செருப்பு, பள்ளியில் ஆண்டுக்கு இரண்டு முறை கொடுக்கும் குடற்புழு மாத்திரை.

நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வுபெற்றவள். சல்லிவேர், ஆணிவேர் பாடத்துக்குப் பிள்ளைகளைப் பள்ளியின் பின்பக்கம் அழைத்துப்போய், செடிகளை வேரோடு பிடுங்கச் சொன்னேன். வகுப்பில் வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பையன், கூலி வேலைக்குப் போகிறவர் மகன், அறுகு, கோரை, கீழாநெல்லி, குப்பைமேனி என்று பெயர் சொல்லிச் சொல்லிப் பிடுங்கினான். கீழாநெல்லியைத் திருப்பிப் பிடித்து, இலைக்கு அடியில் காய் கோத்திருப்பதைக் காட்டினான். குப்பைமேனி வேரை வெளியே போட்டால் பூனை தேடி வரும் என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. மறுநாள் நிஜமாகவே ஒரு பூனை வந்து புரண்டது. அந்தப் பரீட்சையில் வேர் பற்றிய கேள்வியை வகுப்பில் ஒருவரும் விடவில்லை. எனக்குக் கிடைத்ததோ, "சிலபஸ் முடியலை, வெளியே என்ன வேடிக்கை?" என்று தலைமையாசிரியையின் மெமோ. இத்தனை வருஷம் கழித்து அதே கேள்வியை உங்கள் இணைப்பில் அச்சில் பார்க்கிறேன்.

உங்கள் சிறுவர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் வந்தால் பனிமனிதனுக்கு வண்ணம் தீட்டு, இலை என்றால் மேப்பிள் இலை. நம் பிள்ளைகள் மார்கழியில் பார்ப்பது பூசணிப்பூ அல்லவா? போன ஆகஸ்டில் 'நம்மைச் சுற்றிப் பூக்கள்' என்று தலைப்பிட்டு, பூவரசம்பூவின் படத்தைப் போட்டுச் செம்பருத்தி என்று அச்சிட்டீர்கள். மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு, வாடும்போது முழுதும் சிவப்பேறும். இரண்டும் ஒரே குடும்பம்தான், அதனால் மன்னிக்கலாம் என்றுகூட நினைத்தேன். அப்போதே எழுதினேன். திருத்தமும் இல்லை, பதிலும் இல்லை. பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியவர் ஒருவர்கூடவா உங்கள் அலுவலகத்தில் இல்லை?

கட்டுரைக்கு மறுப்புப் போடுங்கள் என்று கேட்கவில்லை. விளம்பரத்தை நிறுத்தச் சொல்லும் அளவுக்கு நான் அப்பாவியும் இல்லை. சிறுவர் பக்கத்தின் மூலையில் வாரம் ஒரு செடி, ஒரே ஒரு செடி, பிள்ளை வீட்டு வாசலில் இறங்கினால் கண்ணில் படக்கூடியதாகப் பார்த்துப் போடுங்கள். முதல் வாரம் பூவரசு. சரியான படம் என்னிடம் இருக்கிறது, காசு வேண்டாம்.

பெயரையும் ஊரையும் தயவுசெய்து வெளியிட வேண்டாம். பேத்தி இன்னும் அதே பள்ளியில்தான் படிக்கிறாள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி