ஆடுபவரிடம் கட்டணம் வாங்கும் இலவச விழாக்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகா சிவராத்திரி நெருங்கினால், நடராசப் பெருமானுக்கு நடனத்தையே காணிக்கையாக்கும் நாட்டியாஞ்சலி விழாக்களின் அழைப்பிதழ்கள் ஊருக்கு ஊர் அச்சாகத் தொடங்கிவிடுகின்றன. 1981இல் சிதம்பரத்தில் தொடங்கிய இவ்வழக்கம் இன்று தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை எனச் சோழநாட்டு ஊர்கள் பலவற்றிலும் வேரூன்றியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. நுழைவுச்சீட்டு கிடையாது, சபா அரங்குகளின் பக்கமே போயிராத ஒருவர்கூட, சாமி கும்பிட வந்த இடத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி நின்று பதம் என்னும் அபிநய உருப்படி ஒன்றை முழுவதும் பார்த்துவிட்டுப் போகலாம். பந்தல் போடுவது முதல் இரவு நாற்காலிகளை அடுக்கி வைப்பது வரை ஊதியமின்றிச் செய்யும் உள்ளூர் அன்பர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இருப்பினும், பார்ப்பவருக்கு இலவசமான இத்தகைய விழாக்களுள் சில, ஆடுபவருக்கு இலவசமாக இல்லை என்பதைத் தங்கள் இதழ் வழியாகச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். பதிவுக் கட்டணம், பங்கேற்புக் கட்டணம், நன்கொடை எனப் பல பெயர்களில் ஒவ்வொரு மாணவியிடமும் தொகை வசூலிக்கப்படுகிறது. வேன் வாடகை, ஒப்பனைக் கலைஞரின் கூலி, ஆடை அணிகலன், தங்கும் அறை ஆகிய அனைத்தையும் பெற்றோரே ஏற்கின்றனர்; நடராசப் பெருமானுக்குச் செய்யும் காணிக்கை என்பதால் அதில் எவருக்கும் குறையில்லை. அதற்கும் மேலாக மேடை ஏறுவதற்கே பணம் கேட்பதும், கொடுத்தவர்களுக்குப் பத்து நிமிடமும் ஒரு கேடயமும் ஒரு சான்றிதழும் தந்து அனுப்புவதும் எவ்வகையில் அஞ்சலியாகும்?

வசூல் ஆடுபவரிடமிருந்து வரும்போது, குழுக்கள் கூடக் கூட வரவும் கூடுகிறது. அதற்கேற்ப ஒவ்வொரு குழுவுக்குமான நேரம் சுருங்குகிறது. சென்ற ஆண்டு என் மகளின் குழு கலந்துகொண்ட ஒரு விழாவில், மாலையிலேயே ஒப்பனை முடித்த சிறுமிகள், சலங்கையை அவிழ்க்கவும் மனமின்றி, நள்ளிரவு வரை பிராகாரத்துக் கருங்கல் தரையில் சுவரில் சாய்ந்து உறங்கினர். ஒருவழியாக மேடை கிடைத்தபோது, பென் டிரைவில் கொடுத்திருந்த தில்லானா, கடைசித் தீர்மானம் என்னும் தாள முடிப்பை எட்டுவதற்குள் ஒலிபெருக்கியில் அடுத்த குழுவின் பெயர் அறிவிக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகள் எப்படி முடிப்பதென்று தெரியாமல் கைகூப்பிவிட்டு இறங்கினர்.

நேரச் சுருக்கத்தால் நேரும் பெரிய இழப்பாக நான் கருதுவது பக்கவாத்தியங்களை. பாடகரும், ஜதி சொல்லித் தாளமிடும் நட்டுவனாரும், மிருதங்கக் கலைஞரும் அமர்ந்து, சுருதி சேர்த்து, மைக் சரிபார்க்கவே பத்து நிமிடம் போதாது. ஆகவே பதிவு செய்த பாட்டுக்கு ஆடுவதே விதியாகிவிட்டது. ஆடுபவரின் அடவுக்கு நட்டுவனாரின் தட்டுக்கழி பதில் சொல்வதைத் திறந்தவெளியில் கேட்கும் வாய்ப்பு, அதை வேறெங்கும் கேட்க வழியில்லாத மக்களுக்கே இல்லாமல் போகிறது.

செலவுக்கு எங்கே போவது என்று அமைப்பாளர்கள் கேட்பது நியாயமே. ஒலி, ஒளி, பந்தல் எதுவும் சும்மா வருவதில்லை. ஆனால் அச்செலவை ஊர் ஏற்க வேண்டும். வணிகர்களும் ரசிகர்களும் ஏற்க வேண்டும். திருவையாற்றில் இசைமேதை தியாகராசர் சமாதியில் 1920களில் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொந்தச் செல்வத்தை அதற்குச் செலவிட்டார். இன்றும் அங்கே ஆண்டுதோறும் நடக்கும் ஆராதனையில் அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாட அமர்பவரிடம் எவரும் ரசீதுப் புத்தகத்தை நீட்டுவதில்லை.

கோயில் வளாகத்தில் விழா நடத்த அனுமதி வழங்கும்போது, கலைஞர்களிடம் எப்பெயரிலும் கட்டணம் பெறக் கூடாது என்பதையும், வரவு செலவுக் கணக்கை விழா முடிந்த ஒரு மாதத்திற்குள் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பதையும் நிபந்தனைகளாகச் சேர்க்குமாறு இந்து சமய அறநிலையத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மாலைக்கு இத்தனை குழுக்கள்தான் என்று வரம்பு வைத்து, குழுவுக்கு அரைமணி நேரமாவது ஒதுக்குவதை அமைப்பாளர்கள் தாமாகவே செய்யலாம். அதற்கு எவருடைய உத்தரவும் தேவையில்லை.

இப்படிக்கு,
நாட்டியம் பயிலும் மாணவி ஒருவரின் தந்தை,
மயிலாடுதுறை.