ரெண்டுமே கரன்ட் கடத்தாது, ஒட்டுற இடம் மட்டும் கடத்துதுடா

டேய் மாப்ள,

உன் மெசேஜ் வந்து கெடக்கு, இப்பதான் உக்காந்து எழுத முடிஞ்சுது. இங்க தடைக்காலம், விசைப்படகு பூரா கரையில, மண்டபம் பக்கம் போனாலே பெயின்ட் வாடைதான். அம்மாவுக்கு முட்டிவலி பரவால்ல, உன்னய கேட்டுக்கிட்டே இருக்கு.

இப்ப என்ன படிக்கிறன்னு கேட்டல்ல. லாந்தனம் அலுமினேட், ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்னு ரெண்டு ஆக்ஸைடு படிகம், ரெண்டுமே பக்கா இன்சுலேட்டர், ஆனா ஒண்ணு மேல ஒண்ண வளத்தா ஒட்டுற எடத்துல மட்டும் உலோகம் மாதிரி கரன்ட் ஓடுதுன்னு 2004ல ஓட்டோமோ, ஹ்வாங்னு ரெண்டு விஞ்ஞானிங்க காட்டுனாங்க. அதுலயும் கீழ இருக்குற டைட்டனேட் மேல்தட்டு டைட்டானியம் ஆக்ஸைடா முடியணும், ஸ்ட்ரான்ஷியம் ஆக்ஸைடா முடிஞ்சா ஒண்ணும் ஓடாது. ஒரே ஒரு அணுத்தட்டு மாறுனா கதையே மாறுதுடா!

இன்னொண்ணு, 2006ல பாத்தாங்க, மேல அலுமினேட்ட மூணு யூனிட் செல் (படிகத்துல திரும்பத் திரும்ப வர்ற சின்னக் கட்டம்) உயரத்துக்குப் போட்டா சுத்தமா செத்துப்போய் கெடக்கு, நாலாவது போட்டா ஓடுது. ஒரு செல்னா சுமார் 0.4 நானோமீட்டர்தான். எப்பிடி எண்ணுவாங்கன்னு நானும் யோசிச்சேன், வளரும்போதே எலக்ட்ரான் கதிர சாய்ச்சு அடிச்சு திரையில விழுற புள்ளியப் பாப்பாங்களாம், அது மங்கி மங்கி திரும்ப பிரகாசமாகும், ஒரு ஏத்த எறக்கம் ஒரு லேயர்.

ஏன்னு கேட்டா அங்கதான் சண்டை. அலுமினேட்ல தட்டு பிளஸ், மைனஸ்னு மாறி மாறி வருது, அடுக்க அடுக்க வோல்டேஜ் ஏறி ஒரு கட்டத்துல தாங்காம எலக்ட்ரான் கீழ எறங்கிருதுன்னு ஒரு கோஷ்டி. அதெல்லாம் இல்ல, லேசர் அடிச்சு பொருள ஆவியாக்கி, அதப் படிய வச்சு வளக்குறப்ப டைட்டனேட்லேருந்து ஆக்ஸிஜன் கழண்டு போகுது, அது விட்டுட்டுப் போன எலக்ட்ரான்தான்னு இன்னொரு கோஷ்டி. ஆக்ஸிஜன் பிரஷர் ரொம்ப கம்மியா வச்சு வளத்த சாம்பிள்ல கடத்துறது கன்னாபின்னான்னு எகிறுறதப் பாத்தா இவங்க சொல்றதும் வாஸ்தவம்தான். ஆனா ஆக்ஸிஜன் மட்டுந்தான் காரணம்னா மேல்தட்டு மாறுனதும் ஏன் அடங்கணும்? ரெண்டும் கலந்துதான் இருக்கும்னு எனக்குத் தோணுது.

2007ல இதுலயே சூப்பர்கண்டக்டிவிட்டியும் (தடையே இல்லாம கரன்ட் ஓடுறது) பாத்துட்டாங்க, சுமார் 0.2 கெல்வின்ல. அது தனிக்கத, நேர்ல பேசுவோம்.

உன் கம்பெனி பக்கத்துல இருக்குற லேப்ல அந்த லேசர் மெஷின் இருக்குன்னு சொன்னியே, அங்க என்ன ஆக்ஸிஜன் பிரஷர்ல வளக்குறாங்க, வளத்தப்புறம் ஆக்ஸிஜன்ல வச்சு சூடு பண்றாங்களான்னு கேட்டு எழுது மாப்ள.