உணவிடப் பலகையில் இன்னும் இரண்டு வரி

மாநகராட்சி, நகராட்சி கால்நடைப் பிரிவு அலுவலர்களுக்கு,

வணக்கம். தெருநாய்களுக்குச் சோறு வைக்க வார்டுதோறும் தனி இடம் ஒதுக்க வேண்டும், அங்கே அறிவிப்புப் பலகையும் இருக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்கே வைக்கலாம் என்று அந்தப் பலகை சொல்லும். எதை வைக்கக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

நாய்க்கு ஆகாத திராட்சையை நம் ஊரில் யாரும் வாங்கித் தெருநாய்க்குப் போடுவதில்லை. போடுவதெல்லாம் வீட்டில் மிஞ்சியதுதான். ஞாயிறு மதியம் தெருமுனையில் பாருங்கள்: விரித்த செய்தித்தாளில் பிரியாணி, அதன்மேல் கவிழ்த்த வெங்காயப் பச்சடி. தயிர் வாசத்துக்கு நாய் அதைத்தான் முதலில் நக்கும். முகூர்த்த நாளென்றால் மண்டபத்துக்குப் பின்னால் சின்ன வெங்காய சாம்பாரும், நெய்யில் உப்பிய திராட்சை மிதக்கும் பாயசமும்.

வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாய், பூனைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்த நஞ்சு போகாது. உடனே தெரிவதுமில்லை. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், சிறுநீர் கறுத்துப் போகும். அதற்குள் என்ன தின்றது என்று யாருக்கு நினைவிருக்கும்? பூனைக்கு ஒரு கிலோ எடைக்கு 5 கிராம் வெங்காயமே அதிகம். 3 கிலோ பூனைக்கு இரண்டு, மூன்று சின்ன வெங்காயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திராட்சையோ நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கவைக்கும், உலர்ந்ததும் அப்படியே. இவ்வளவு வரை பரவாயில்லை என்று அளவு சொல்ல முடியாது. ஒரு நாய் நிறையத் தின்றும் தப்பிக்கும், இன்னொன்று கொஞ்சத்திலேயே படுத்துவிடும். காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சொன்னார்கள். நம் புளியில் அது ஏராளம். புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் கெட்டதை அவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். புளியோதரையையும் தவிர்ப்பதே நல்லது என்பேன்.

“எங்க தாத்தா காலத்துல இருந்து நாய் குழம்புச் சோறுதான் தின்னுது” என்பார்கள். சரி, ஒரு பிடி சாம்பார் சோற்றில் நாய் செத்துவிடாது. ஆனால் இதுவரை ஒரு வீட்டு மிச்சம் ஒரு வாசலில் விழுந்தது. இனி பத்து வீட்டு மிச்சமும் ஒரே இடத்தில், தினமும் சேரப்போகிறது. வெங்காயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர்ந்து தின்றாலும் பாதிப்பு வரும்.

ஆகவே முதல் வரியில் வெங்காயம், பூண்டு, திராட்சை, புளி வேண்டாம் என்று படத்தோடு போடுங்கள். மாம்பழக் காலத்தில் கொட்டையையும் சேருங்கள். விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். அடுத்த வரியில் வைக்கக்கூடியது: வெறும் சோறு, அவித்த முட்டை, உப்பு போடாமல் வேகவைத்த பூசணி, கேரட். வேண்டாம் என்று மட்டும் சொன்னால் சோறு வைப்பவர்கள் கையைப் பிசைவார்கள். வாசகத்தைச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம். சட்டப் பிரிவு எண்களால் பலகையை நிரப்பிவிடாமல், பக்கத்துக் கால்நடை மருத்துவமனையின் தொலைபேசி எண்ணுக்கும் இடம் விடுங்கள்.

அப்புறம், கல்யாண மண்டபங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அடுத்த முகூர்த்த மாதத்துக்கு முன்னால் போனால் நல்லது.

இப்படிக்கு,
தெருவில் தினமும் சோறு வைக்கும் ஒருத்தி