எங்களுக்கு யார் தமிழில் சொன்னார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் உணவு நிறங்கள் பற்றி வந்த கட்டுரையில், வடசென்னைத் தள்ளுவண்டிக்காரர்கள் தெரிந்தே விஷம் கலக்கிறார்கள் என்று ஒரு வரி. தண்டையார்பேட்டையில் 22 வருஷமாகச் சாயங்காலம் பஜ்ஜிக் கடை போடுகிறவள் நான். அதைப் படித்த அன்றைக்கு மாவு கரைக்கவே கை வரவில்லை.

கடை போட்ட புதிதில் கேசரி பவுடர் கேட்டால் மளிகைக் கடையில் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். அதில் பேரும் இருக்காது, நம்பரும் இருக்காது. எல்லாரும் போடுகிறார்களே என்று மிளகாய் பஜ்ஜி மாவில் நானும் ஒரு சிட்டிகை போட்டேன். ஒருநாள் ஆய்வுக்கு வந்தவர் ஒரு குண்டான் மாவையும் கொட்டச் சொன்னார். தப்பு என்னுடையது, கொட்டினேன். "அப்ப எந்தப் பொடி சார் போடலாம்?" என்று கேட்டதற்கு ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பத்தாவது படித்த என் மகள்தான் எழுத்துக் கூட்டிப் படித்து, பஜ்ஜிக்கு எந்தச் செயற்கை நிறமும் கூடாது என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை அவர் வாயாலேயே சொல்லியிருக்கலாம். மறுநாளிலிருந்து நிறுத்திவிட்டேன். "என்னக்கா, பஜ்ஜி வெளுத்துக் கிடக்கு" என்று பக்கத்து வண்டிக்குப் போனவர்கள் திரும்பி வர மாசக்கணக்கானது.

விதி ஒன்றும் புதிதில்லை, உங்களுக்குத் தெரியாததும் இல்லை. 1954-இல் கலப்படத் தடைச் சட்டம், 1955-இல் எந்த நிறம் சேர்க்கலாம் என்று பட்டியலோடு விதிகள், அப்புறம் 2006-இல் புதுச் சட்டம். இன்றைக்கு அனுமதி உள்ள செயற்கை நிறங்கள் எட்டுதான். அதுவும் இனிப்பு, ஐஸ்கிரீம் மாதிரி சிலவற்றில் மட்டும், பொதுவாகக் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குள். 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தடை என்று பெரிதாகப் போட்டீர்கள். அது துணிச் சாயம், அனுமதிப் பட்டியலிலேயே இல்லாதது. எங்கள் தெருவில் பஞ்சு மிட்டாய் விற்ற வடநாட்டுப் பையன் பயந்து ஊருக்கே போய்விட்டான். அவனுக்கு அந்தச் சாயத்தைப் பொட்டலம் போட்டு விற்றது யார் என்று எந்தப் பக்கத்திலும் நான் படிக்கவில்லை.

பாக்கெட்டில் வாங்கினாலும் விவரம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் சட்டத்துக்குப் போதுமாம். தமிழில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. பாக்கெட்டில் 102 என்று நம்பர் போட்டிருந்தால் அது டார்ட்ரசைன் என்கிற மஞ்சள் நிறம் என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இதில் தெரிந்தே கலக்கிறோம் என்று எழுத எப்படி மனசு வந்தது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த எட்டு நிறங்களின் பேரையும் நம்பரையும், எதெதில் சேர்க்கவே கூடாது என்பதையும் தமிழில் பெரிய எழுத்தில் அரைப் பக்கம் போடுங்கள். வெட்டி எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, என் வண்டியில் மாட்டுகிறேன். பக்கத்து வண்டிக்கும் ஒன்று தருவேன்.

இப்படிக்கு,
ஒரு பஜ்ஜிக் கடைக்காரி,
தண்டையார்பேட்டை