அந்தப் பதினைந்து வரிகளைப் பற்றி

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்கிறோம்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ‘லவ் ஆஃப்டர் லவ்’ கவிதை கிடைத்தது. “எல்லாரும் ஆகா ஓகோ என்கிறார்கள், எனக்கென்னவோ தன்னைத்தானே கொஞ்சிக்கொள்கிற மாதிரித் தெரிகிறது, நீங்கள் வகுப்பில் எடுத்திருக்கிறீர்களா?” என்று கேட்டிருந்தாய். எடுத்திருக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவாய், அதனால்தான் கடிதம்.

எழுதியவர் டெரெக் வால்காட். கரீபியக் கடலிலுள்ள செயின்ட் லூசியா என்ற சின்னத் தீவில் 1930-ல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். பள்ளிக்கூட டீச்சரான அம்மாதான் தையல் வேலையும் பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். கத்தோலிக்கர் நிறைந்த ஊரில் மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டண்ட் சபைக் குடும்பம். 1992-ல் நோபல் பரிசு வாங்கினார். மூன்று முறை கல்யாணம் செய்தார், மூன்றும் விவாகரத்தில் முடிந்தன. அவருடைய வாழ்க்கையை உனக்கு முன்மாதிரியாகக் காட்டவில்லை. இந்தக் கவிதை 1976-ல் வந்த ‘சீ கிரேப்ஸ்’ தொகுப்பில் இருக்கிறது. அப்போது அவருக்கு 46 வயது. பட்டுத் தெளிந்த ஒரு மனிதர் சொல்லுகிறார் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

காலம் வரும் என்று ஆரம்பிக்கிறார். எப்போது என்று சொல்லவில்லை. “இன்னுமா அதையே நினைச்சுக்கிட்டிருக்கா?” என்று நம் சொந்தக்காரர்கள் கேட்கிறார்களே, அந்த அவசரம் இதில் இல்லை. வந்தே தீரும் என்ற உறுதி இருக்கிறது. அந்த நாளில் உன் வீட்டு வாசலுக்கு நீயே வருவாய், நீயே கதவைத் திறந்து உன்னை வரவேற்பாய் என்கிறார். அதுவரை ‘வருவாய், சிரிப்பாய்’ என்று போய்க்கொண்டிருந்த பேச்சு சட்டென்று உட்கார், சாப்பிடு, கொடு, எடு என்று மாறுகிறது. விருந்தாளியின் கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்காரவைக்கிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

விட்டுப்போனவர் எங்கே என்று தேடிப் பார். ‘வேறொருவருக்காக’ என்று ஒரே ஒரு இடத்தில் வந்துபோகிறார். பெயர் இல்லை, என்ன செய்தார் என்று இல்லை, ஆணா பெண்ணா என்றுகூட இல்லை. திட்டு, சாபம் எதுவும் கிடையாது. காதல் முறிந்ததைப் பாடும் கவிதைகளில் பெரும்பாலும் விட்டுப்போனவரே நடுவீட்டில் உட்கார்ந்திருப்பார். இங்கே அவருக்கு இடமே போடவில்லை.

இடம் போடுவது ஒரு அந்நியருக்கு. உன் ஆயுசு முழுக்க உன்னை நேசித்த, இன்னொருவருக்காக நீ கவனிக்காமல் விட்ட அந்நியர். அது நீயேதான். உன் விஷயத்தில் அந்தப் பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும். கூந்தன்குளத்துக்குப் பூநாரை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால், மறுநாள் பரீட்சை என்றும் பாராமல் விடியுமுன் அப்பாவின் வண்டியில் ஏறி உட்காருவாள். உன்னை விட்டுப்போனானே, அவனுக்கு அதிகாலையில் எழும்புவது பிடிக்காது என்று நீ பைனாகுலரைப் பீரோவில் வைத்தாய். அவன் போன பிறகும் அது அங்கேயே இருக்கிறது.

கிறிஸ்மஸுக்கு வந்தபோது நீ ஒரு வேளைகூட உட்கார்ந்து சாப்பிடவில்லை. அடுக்களை மேடையோரம் நின்று, ஆப்பத்தின் மொறுமொறு ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு, நடுப்பாகத்தை அப்படியே வைத்துவிட்டாய். இந்தக் கவிதையைத் திரும்பப் படித்தபோது எனக்கு அதுதான் கண்ணில் நின்றது. அவர் முதலில் சொல்கிற வேலையே உட்காருவதும் சாப்பிடுவதும்தான்.

அப்பம் கொடு, திராட்சரசம் கொடு என்று வருகிற இடத்தில் கோவிலில் அப்பமும் ரசமும் கொடுக்கிற நம் திருவிருந்து உனக்கு ஞாபகம் வந்திருக்கும். மெதடிஸ்ட் வீட்டுப் பிள்ளை அதைத் தெரியாமல் எழுதியிருக்கமாட்டார். 17-ம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஹெர்பர்ட் என்ற குருவானவர் எழுதிய கவிதை ஒன்று உண்டு. அன்பே உருவான ஆண்டவர் பந்திக்கு அழைக்கிறார், ஆத்துமா ‘நான் பாத்திரமில்லை’ என்று பின்வாங்குகிறது, கடைசியில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. வால்காட் அந்தப் பந்தியில் அழைக்கிறவரையும் வருகிறவரையும் ஒரே ஆளாக்கிவிட்டார். இது தற்பெருமை என்று நான் நினைக்கவில்லை. பிறனிடத்தில் அன்புகூரச் சொல்கிற வேதவசனமே ‘உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோல’ என்றுதான் தொடங்குகிறது. முதல் பாதி வற்றிப்போனால் பிறனுக்கு எதைக் கொடுப்பாய்?

கண்ணாடியிலிருந்து பிம்பத்தை உரித்தெடு என்பதுதான் கஷ்டமான வரி. பிள்ளைகள் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: அவன் பார்வைக்கு எப்படி இருக்கிறோம் என்று பார்த்துப் பார்த்துப் பதிந்துபோன முகம் அது. அதை எடுத்துவிட்டால்தான் பந்தியில் உட்காருகிற ஆள் தெரிவாள்.

அதற்கு முந்தின வரிகளை நீ கவனிக்கவில்லை போலிருக்கிறது. அலமாரியிலிருந்து காதல் கடிதங்களை, போட்டோக்களை, தவித்து எழுதிய துண்டுச் சீட்டுகளைக் கீழே இறக்கச் சொல்கிறார். கிழிக்கவோ எரிக்கவோ சொல்லவில்லை. அவற்றை இறக்கிய பிறகுதான் உன் வாழ்க்கையையே விருந்தாக உண் என்று முடிக்கிறார். அந்தக் கடிதங்களும் இலையில் பரிமாறவேண்டியவைதான். நோபல் உரையில் அவரே சொன்னார்: உடைந்த பூச்சாடியின் துண்டுகளைச் சேர்க்கிற அன்பு, அது முழுசாக இருந்தபோது இருந்த அன்பைவிடப் பலமானது என்று. தீவுகளின் சிதறிய கலாசாரத்தைப் பற்றிச் சொன்னதுதான். ஆனாலும் இந்தக் கவிதையை எழுதிய கைதான் அதையும் எழுதியது.

உன் அறைப் பரணிலிருக்கிற ஷூ பெட்டியை எரித்துவிடச் சொன்னாயே, நான் எரிக்கமாட்டேன். பிரித்தும் பார்க்கமாட்டேன். ஈஸ்டருக்கு லீவு கிடைத்தால் வா, நீயே இறக்கிப் பார். அதற்குப் பிறகும் எரிக்கத்தான் வேண்டும் என்றால் தீப்பெட்டி நான் எடுத்துத் தருகிறேன். டிக்கெட் போட்டதும் அப்பாவுக்குச் சொல், ஜங்ஷனுக்கு வருவார்.

பிரியமுள்ள
அம்மா