பித்த எரிவும் மருந்து உறையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பித்தப்பை எடுத்தபின் மேல்வயிற்றில் எரிவும் மஞ்சளாகக் கசந்த வாந்தியும் வந்தால், நம் பகுதியில் பலர் அதையும் ‘காஸ்ரிக்’ என்று சொல்லி ஒமேப்ரசோல் குளிசையை ஒன்றுக்கு இரண்டாகப் போடுகிறார்கள். அது அமிலத்தைக் குறைக்கும். சிறுகுடலிலிருந்து இரைப்பைக்குள் ஏறிவரும் பித்தத்தை மறிக்காது. என்டஸ்கோப்பியில் பித்தம்தான் என்று தெரிந்தபின் வைத்தியர் தரும் மருந்துகள் வேறு. எல்லோருக்கும் ஒரேயளவு கேட்காது என்றாலும், நேரம் தவறினால் கேட்கக்கூடியதும் கேட்காது.

உர்சோடிஒக்சிகோலிக் அமிலம் பித்தத்தின் கடுமையைத் தணிக்கும். சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். சிலருக்கு வயிறு இளகும். சுக்ரல்பேற் எடுக்கும் நேரம் அதற்கு நேர்மாறு, வெறுவயிற்றில். புண்பட்ட இடத்தில் பசைபோல ஒட்டி நிற்கும் மருந்து அது. வழமையாக 1 கிராம், நாளுக்கு நான்கு வேளை: சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்தியும், படுக்கும்போதும். உண்ட கையோடு விழுங்கினால் சோற்றில்தான் ஒட்டும். இதில் அலுமினியம் இருப்பதால் சிறுநீரக நோயாளர்கள் முதலிலேயே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

அதிகம் பிழைவிடுவது கொலஸ்டிரமைனில். 4 கிராம் தூள் பைக்கற்றில் வரும். பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். உலர்தூளாக வாயில் போட்டால் தொண்டையை அடைக்கும். ஒரு கிளாஸ் தண்ணீரில் தூவி, ஓரிரு நிமிடம் ஊறவிட்டுக் கலக்குங்கள். கரையாது, மணல்போல அடியில் தங்கும். இன்னுங்கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடித்தால்தான் முழு அளவும் உள்ளே போகும். இது பித்தத்தை மட்டும் பிடிப்பதில்லை. தைரொயிட்டுக்குக் கொடுக்கும் தைரொக்சின், இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வோபரின், ஏன், மேலே சொன்ன உர்சோவையே பிடித்துவிடும். ஆகவே மற்றக் குளிசைகள் இதற்கு ஒரு மணித்தியாலம் முந்தி, அல்லது நான்கு முதல் ஆறு மணித்தியாலம் பிந்தி. மலச்சிக்கலும் வரும்.

டொம்பெரிடோன் இரைப்பையை வேகமாகக் காலியாக்கும். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் அதைத் தாமாக வாங்கிப் போடவே கூடாது.

மூதூரிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் கிளினிக்குக்கு வரும் முதியவர்கள் ஐந்தாறு மருந்து உறைகளோடு திரும்புகிறார்கள். உறையில் ‘காலை 1, இரவு 1’ என்று மட்டும் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே கைப்பிடியாக விழுங்கத்தான் செய்வார்கள். ‘6 மணி, வெறுவயிறு’, ‘7 மணி, சாப்பாட்டோடு’, ‘தனியாக’ என்று எழுதித் தரும்படி மருந்து கொடுப்பவர்களைத் தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன். அதற்கு அரை நிமிடம் போதும்.

மலம் தார்போலக் கறுத்தாலோ வாந்தியில் இரத்தம் கண்டாலோ குளிசையை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மருந்தாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.