மெத்திலீன் புளூ சாயத்தில் சோதித்தது போதும், தென்பெண்ணை ஆற்றுத் தண்ணீரை எடுங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் கல்லூரிகளின் வேதியியல் துறையினருக்கு வணக்கம்.

நான் காவேரிப்பட்டணம் பக்கம் கே.ஆர்.பி. அணைக் கால்வாய்ப் பாசனத்தில் நெல் பயிரிடுகிறவன். வேதியியலில் பட்டம் வாங்கியவன் என்பதால் உங்கள் கண்காட்சிகளை விடுவதில்லை. ஒளிவினையூக்கி (ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும் பொருள்) என்றால் எல்லா மேசையிலும் ஒரே காட்சிதான்: ஒரு குடுவையில் காய்ச்சி வடித்த நீரில் கரைத்த மெத்திலீன் புளூவின் நீலம், இன்னொன்றில் நிறம் நீங்கித் தெளிந்த நீர், நடுவே ஒரு சிட்டிகை டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைத் தூள்.

அறிவியலில் பழுதில்லை. நீரில் உள்ள அந்தத் தூளின் மேல் புற ஊதா ஒளி பட்டால் ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் (எதிர்ப்படும் பொருளோடு உடனே வினைபுரியும் துணுக்குகள்) பிறக்கின்றன. அவை சாய மூலக்கூறைக் குதறிவிடுகின்றன. 1972-இல் ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும் இதே பொருளில் ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிளந்து காட்டினார்கள்.

என் வழக்கு அந்தக் காய்ச்சி வடித்த நீரின் மேல்தான். ஓசூர் பக்கம் தென்பெண்ணையின் குறுக்கே உள்ள கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க வரும் தண்ணீரில் சோப்பும் சாக்கடையும் உப்பும் கலந்திருக்கின்றன. தனி உறுப்பு சாயத்தை மட்டும் தேடிப் போகாது. உப்புகளிலுள்ள பைகார்பனேட்டும் குளோரைடும் அதை வழியிலேயே விழுங்கிவிடும். தண்ணீர் கலங்கியிருந்தால் ஒளி தூளை எட்டவே எட்டாது. வெயிலில் இந்தத் தூளுக்கு உதவும் புற ஊதாப் பங்கோ சுமார் 5 சதவீதம்தான். விளக்கடியில் கிடைத்த வேகத்தை ஆற்றங்கரையில் எதிர்பார்க்க முடியுமா?

அடுத்தது நிறம். துணிச் சாயங்களில் பெரும் வகையான அசோ சாயத்தில் இரு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பு அறுந்தாலே நிறம் போய்விடும். பென்சீன் வளையத் துண்டுகள் தண்ணீரிலேயே கிடக்கும். அவற்றில் சில மூலச் சாயத்தைவிட நச்சானவை. நெற்பயிருக்குக் கண் கிடையாது. "95 சதவீதம் நிறம் நீங்கியது" என்று எழுதும் அட்டையிலேயே வேதி ஆக்சிஜன் தேவையும் (நீரிலுள்ள மாசை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) மொத்தக் கரிமக் கார்பனும் (நீரில் மிஞ்சிய கரிமப் பொருள்களின் கார்பன் அளவு) எவ்வளவு குறைந்தன என்று போடுங்கள். (தருமபுரியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதால், அதையும் இந்தத் தூள் சிதைக்கும் என்று எழுதிவிடாதீர்கள். அது வெறும் அயனி, சிதைக்க அதில் ஒன்றுமில்லை.)

இந்த ஆண்டு ஒரு மாணவருக்காவது ஆற்றுநீரைத் தலைப்பாகக் கொடுங்கள். தூளை நீரிலிருந்து மீட்பது எப்படி, ஓட்டுச் சில்லிலோ கண்ணாடியிலோ பூசினால் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதையும் அவர் பார்க்கட்டும். முடிவு மோசமாக வந்தாலும் மேசையில் வையுங்கள்.

தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் ஒரே நாளில் முடித்துக்கொண்டு போகாமல் கோடையில் ஒரு முறை, அணை திறந்த பின் ஒரு முறை எடுங்கள். இரண்டும் வேறு வேறு தண்ணீர்.

இப்படிக்கு,
கால்வாய்ப் பாசன விவசாயி ஒருவன்